காற்று பிடுங்கப்படும்

தமிழ்நாட்டில் ஏகப்பட்ட பேர் எழுதி, ஏகப்பட்ட பேர் படித்து, இதுவரை ஒருவரும் விமர்சனம் எழுதாத ஓர் இலக்கிய வகை உண்டு. வீட்டு கேட்டில் தொங்கும் 'நோ பார்க்கிங்' போர்டு. இந்த வாரம் அதை எடுத்துக்கொள்வோம்.

தென்காசி ரத வீதிகளிலிருந்து பிரிகிற சந்துகளில் அரை மணி நேரம் நடந்தால் போதும், எல்லா வகையும் படிக்கக் கிடைக்கும். 'வாகனங்களை இங்கே நிறுத்தாதீர்கள்' என்று எழுதியிருந்தால், உள்ளே ரிடையரான தமிழ் வாத்தியார் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 'தயவுசெய்து' சேர்ந்திருந்தால் வாத்தியார் சமீபத்தில்தான் குடிவந்திருக்கிறார். 'நிறுத்தாதே' என்று ஒருமைக்கு இறங்கியிருந்தால் மனிதர் பலமுறை அடிபட்டவர். ஒருநாள் அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி கேட்டைத் திறந்திருப்பார். வெளியே ஓர் இன்னோவா வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கும். டிரைவரைத் தேடி நாலு கடை ஏறி இறங்கியிருப்பார். அன்றைக்கு விகுதி மாறிவிட்டது. நகைக்கடையோ டியூஷன் சென்டரோ இலவசமாகக் கொடுத்த தகர போர்டு என்றால் கடைப் பெயர் முக்கால் பங்கு, 'நோ பார்க்கிங்' கால் பங்கு. அதைப் பார்த்து வண்டியை எடுத்தவர்களைவிட, பார்த்துவிட்டு அந்தக் கடைக்கு நகை வாங்கப் போனவர்கள் அதிகம் இருப்பார்கள்.

இந்த வகையின் உச்சம் என்று நான் கருதுவது 'மீறினால் காற்று பிடுங்கப்படும்'.

கவனியுங்கள், செயப்பாட்டு வினை. பிடுங்கப்போவது யார்? வீட்டுக்காரரா, வாட்ச்மேனா, எதிர்வீட்டுப் பையனா? சொல்லமாட்டார்கள். பேச்சுத் தமிழில் செயப்பாட்டு வினைக்கு வேலையே இல்லை. 'சோறு என்னால் சாப்பிடப்பட்டது' என்று யாராவது பேசினால் டாக்டரிடம் கூட்டிப்போவோம். ஆனால் மிரட்டும்போது மட்டும் எல்லோருக்கும் அது வந்துவிடுகிறது. 'அபராதம் விதிக்கப்படும்', 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அரசாங்கம் பேசுகிற மொழியை ஒரு வீட்டுக்காரர் தன் கேட்டில் மாட்டிக்கொள்கிறார். அரசாங்கம் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தானே அரசாங்கம் மாதிரி எழுதிப்பார்க்கிறார்.

அதிலும் தென்காசியில் போய் இந்த போர்டு! காசி விசுவநாதர் கோயிலின் 180 அடி ராஜகோபுர வாசலில் நின்று பாருங்கள். சீசன் சமயத்தில் வேட்டியைப் பிடித்துக்கொள்ளாமல் நுழைய முடியாது, அப்படித் தள்ளும். ஊருக்கே காற்று இலவசம். டயரிலிருந்து வேறு பிடுங்கவேண்டுமா?

இப்போது காற்று பிடுங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். வேறு ஆயுதம் வந்துவிட்டது. போன். கோணல்மாணலாக நிற்கிற வண்டியை, நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. 'இந்த அறிவாளியைப் பாருங்கள்' என்று ஒரு வரி. ராத்திரிக்குள் தெருவில் எல்லோருடைய போனிலும் அது இருக்கிறது. முன்னெல்லாம் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டதாகச் சொல்வார்களே, அதையே உட்கார்ந்த இடத்திலிருந்து, கழுதைச் செலவு இல்லாமல் செய்கிறார்கள்.

செய்யலாமா? செய்தால் வண்டி நகருமா? இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முதலில், வண்டி அங்கே ஏன் வந்து நின்றது என்று பார்ப்போம்.

வண்டியை நிறுத்துவதற்கு நம் பாஷையில் ஏற்கெனவே ஓர் அருமையான சொல் இருக்கிறது. நிலை. தேர் 'நிலைக்கு வந்தது' என்கிறோம். வருஷத்தில் ஓரிரு நாள் மட்டுமே ஓடுகிற வண்டி அது. அதற்காக ஊரின் மிக முக்கியமான தெருவில் ஓர் இடத்தை ஒதுக்கி, அதற்குத் தேரடி என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள். தேர் புறப்பட்டால் அது திரும்பி நிலைக்கு வரும்வரை ஊருக்குத் தூக்கம் கிடையாது. 'நிலைக்கு வந்தாச்சா?' என்று கிழவிகள் திண்ணையிலிருந்து விசாரிப்பார்கள். நடுத்தெருவில் நின்றுபோனால் அபசகுனம். இன்றைக்கு அதே ரத வீதியில் வீட்டுக்கு ஒரு கார், இரண்டு பைக். ஒன்றுக்கும் நிலை கிடையாது. எல்லாம் நடுத்தெருவில்தான் நிற்கின்றன, யாரும் விசாரிப்பதில்லை. தேரோட்டத்துக்கு முதல்நாள் போலீஸ்காரர் வந்து எடுக்கச் சொன்னால் மட்டும் மந்திரம் போட்ட மாதிரி அத்தனையும் மறைந்துவிடுகின்றன. எங்கே போகின்றன என்பது அந்த விசுவநாதருக்கே வெளிச்சம். ஆக, எடுக்க முடியாது என்பது பொய்.

அங்கிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். ஜூனில் சாரல் ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரை கூட்டம். அப்புறம் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள். சாலையோரம் நின்று நம்பர் பிளேட்டுகளைப் படித்துக்கொண்டே போவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. டிஎன் 76 உள்ளூர். டிஎன் 72 திருநெல்வேலி. டிஎன் 67 விருதுநகர். ஆரியங்காவு வழியாக மலையிறங்கி வந்த கேஎல் 02 கொல்லம், கேஎல் 25 புனலூர். ஞாயிற்றுக்கிழமை பேரருவிக்குப் போகிற சாலையில் இத்தனை ஊரும் வரிசையாக, பக்கத்தில் இன்னொரு வரிசையாக, அதற்கும் பக்கத்தில் 'ரெண்டு நிமிஷம்தான்' என்று மூன்றாவது வரிசையாக நிற்கும். பேரருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை என்று அறிவித்தால் அத்தனை வண்டியும் ஒரே சமயத்தில் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் திரும்பும். அப்போது பார்க்கவேண்டும்.

குற்றாலத்துக்கு டிராபிக் பிரச்னை புதிதில்லை. திரிகூட ராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில், அருவித் தண்ணீர் எழும்பி சூரியனுடைய தேரும் குதிரையும் வழுக்குவதாகப் பாடியிருக்கிறார். சூரியனுக்கே சறுக்குகிற ரோடு. ஆனால் சூரியன் நடுவழியில் வண்டியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனதாகக் கவிராயர் சொல்லவில்லை.

இப்படி நிறுத்தியவர்களைப் போட்டோ எடுத்து மாட்டிவிட்டால் என்ன? எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2010-ல், காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்குக் கொஞ்சம் முன்னால், டெல்லி போக்குவரத்துப் போலீஸ் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தது. விதி மீறுகிறவர்களை யார் வேண்டுமானாலும் படம் எடுத்துப் போடலாம். இரண்டே மாதத்தில் 17,000 பேர் சேர்ந்து ஏறத்தாழ 3,000 படங்கள் போட்டார்கள். அதை வைத்துப் போலீஸ் 665 சலான் அனுப்பியது. பக்கத்துவீட்டுக்காரனைப் பிடிக்காதவனெல்லாம் கேமராவோடு கிளம்பிவிடுவானே என்று அப்போதே சிலர் கவலைப்பட்டார்கள். பிறகு 2022 ஜூனில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஒரு விழாவில், தப்பாக நிறுத்திய வண்டியைப் படம் எடுத்து அனுப்பினால் 1,000 ரூபாய் அபராதத்தில் 500 ரூபாய் அனுப்பியவருக்கே என்று சட்டம் கொண்டுவரப்போவதாகப் பேசினார். நாக்பூரில் தன் வீட்டுச் சமையல்காரரிடமே இரண்டு செகண்ட்ஹேண்ட் வண்டி இருக்கிறது என்றும் வருத்தப்பட்டார். அறிவிப்பு, பேச்சோடு நின்றுவிட்டது. வந்திருந்தால் குற்றாலத்தில் சீசன் மூன்று மாதமும் பலருக்கு அதுவே முழுநேர உத்தியோகமாக ஆகியிருக்கும். அருவியைப் பார்க்க ஆள் இருந்திருக்காது.

எனக்குச் சங்கடம் கட்கரியின் சமையல்காரரிடத்தில்தான் ஆரம்பிக்கிறது. வண்டி பெருகிவிட்டது என்று சொல்லும்போது, நம் கை தன்னையறியாமல் யாரைச் சுட்டுகிறது பாருங்கள்.

குற்றாலத்தில் இரட்டை வரிசையில் நிற்கிற ஒரு டெம்போ டிராவலரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே டிரைவர் மட்டும் இருக்கிறார். சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தவர். வந்த பதினாலு பேரும் அருவிக்குப் போய்விட்டார்கள். போகும்போது சொன்னது ஒரே வார்த்தை: "இங்கனயே நில்லுங்க, பெரியவங்க இருக்காங்க, ரொம்பத் தூரம் நடக்க முடியாது." தள்ளி நிறுத்தினால் வண்டிக்காரர்கள் திட்டுவார்கள். தள்ளாமல் இருந்தால் ஊர்க்காரர்கள் திட்டுவார்கள். போட்டோவில் விழுவது அவர் முகம். அபராதம் வந்தால் பெரும்பாலும் அவர் பேட்டாவில்தான் கை வைப்பார்கள். நிற்கச் சொன்ன பதினாலு பேர் தலை துவட்டிக்கொண்டு, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. நான் ஒருமுறை அப்படி ஒரு டிரைவரிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் முன்னால எடுத்துப் போடலாமே" என்றேன். அவர் துண்டை விலக்கி, "எடுக்கேன் ஸார். எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். சுற்றிப் பார்த்தேன். சொல்வதற்கு ஓர் இடமும் அகப்படவில்லை.

போட்டோவுக்கு ஒரு காரியம் மட்டும்தான் தெரியும். நம்பரைக் காட்டும். ஏன் நின்றது என்று காட்டாது. நடக்க முடியாத அம்மாவை இறக்கிவிட நின்றதா, கொழுப்பெடுத்து நின்றதா, படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். வெட்கப்படுத்தினால் வேலை நடக்குமா? தெருவுக்குள் கொஞ்சம் நடக்கும். மளிகைக்கடை அண்ணாச்சி உங்கள் கேட்டை மறித்து மினி லாரியை நிறுத்தினால், நீங்கள் போட்டோ எடுக்கவேண்டாம். "என்ன அண்ணாச்சி, நம்ம வீட்டு முன்னாலயே நிப்பாட்டிட்டீங்க?" போதும். "ஒரு மூட்டைதான், இந்தா எடுத்துருதேன்" என்று ஓடி வருவார். நாளைக்கும் உங்கள் முகத்தில் அவர் முழிக்கவேண்டும். உங்களுக்குக் கடன் சொல்லவேண்டும் என்றால் அவர் முகத்தில் நீங்கள் முழிக்கவேண்டும். வெட்கம் என்பது இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கலில் இருக்கிற சரக்கு. குற்றாலத்தில் அது கிடைக்காது. விருதுநகர்க்காரருக்குக் கொல்லத்துக்காரர் யாரோ. ராத்திரிக்குள் இரண்டு பேரும் ஊரைத் தாண்டிவிடுவார்கள். போதாக்குறைக்கு எல்லோரும் ஈரத் துண்டோடு, எண்ணெய் வழிய நின்றுகொண்டிருக்கிறோம். அந்தக் கோலத்தில் இருக்கிறவனை இதற்கு மேல் எப்படி வெட்கப்படுத்துவது?

உலகத்தில் மேயர்கள் இதற்கு விதவிதமாக யோசித்திருக்கிறார்கள். லிதுவேனியாவின் வில்னியஸ் நகர மேயர் அர்தூராஸ் ஜூவோகாஸ், 2011-ல் சைக்கிள் பாதையில் நின்ற ஒரு மெர்சிடிஸ் மேல் ராணுவக் கவச வண்டியை ஏற்றி நசுக்கினார். முன்கூட்டியே ஏற்பாடு செய்து படம் பிடித்த காட்சிதான். ஆனாலும் அந்த வருஷம் சிரிப்புக்காகக் கொடுக்கிற இக் நோபல் பரிசில் அவருக்குச் சமாதானத்துக்கான பரிசு கிடைத்தது. பார்க்க ஜோராக இருக்கும். நம் ஊரில் செய்தால், நசுங்குவது மெர்சிடிஸாக இருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏதாவது ஒரு மீன்பாடி வண்டியாக இருக்கும்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1995-ல் மேயரான அந்தானஸ் மோக்குஸ் கொஞ்சம் புத்திசாலி. அடிப்படையில் கணக்கு, தத்துவம் படித்த பேராசிரியர். டிராபிக் சந்திப்புகளில் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய ஊமைக்கூத்துக்காரர்களை நிறுத்தினார். கோட்டைத் தாண்டி நிற்கிற வண்டிக்காரரை வாயே திறக்காமல் அபிநயம் பிடித்துக் கிண்டல் செய்வது அவர்கள் வேலை. அதைவிட எனக்குப் பிடித்தது, மக்களுக்கு அவர் விநியோகித்த மூன்றரை லட்சம் அட்டைகள். கட்டைவிரல் கீழே போனால் 'இது தப்பு'. கட்டைவிரல் மேலே போனால் 'பலே'. எவரும் எவருக்கும் காட்டலாம். முறையாக நிறுத்தினவருக்கும் ஒரு அட்டை உண்டு என்பதைக் கவனியுங்கள். இங்கே ஒழுங்காக ஓரம் கட்டி, கதவு திறக்க இடம் விட்டு நிறுத்துகிறவனை நாம் என்றைக்காவது போட்டோ எடுத்திருக்கிறோமா?

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. வளைவில், பாலத்தில், நடைபாதையில், இன்னொரு வண்டிக்குப் பக்கவாட்டில், பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தக்கூடாது. 100 ரூபாயாக இருந்த பொது அபராதத்தை 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 500 ஆக்கியது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து அதை வசூலிக்கிறார்கள். ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000. குளிக்க வந்த இடத்தில் 500 ரூபாயை லாட்ஜ் வாடகையோடு சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. கட்டணம் வாங்கி நிறுத்துகிற இடங்களில் நம் ஆட்கள் கொடுக்கிற ரசீதையும் ஒருமுறை திருப்பிப் படியுங்கள். வண்டிக்கும் உள்ளே இருக்கிற பொருளுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. அப்புறம் காசு எதற்கு? நிற்பதற்கு. எங்கே? எங்கே இடம் இருக்கிறதோ அங்கே.

என் விமர்சனம் இங்கேதான். கேமரா வைத்திருக்கிற கை எப்போதும் கீழ்நோக்கியே இருக்கிறது. அறுபது ரூம் கட்டிவிட்டு ஆறு கார் நிற்க இடம் விட்ட லாட்ஜை யாரும் படம் எடுப்பதில்லை. பிளானில் பார்க்கிங் என்று காட்டிய தரைத்தளத்தில் ஷட்டர் போட்டுக் கடை வாடகைக்கு விட்டவரின் நம்பரை யாரும் பரப்புவதில்லை. 2019-ன் கட்டட விதிகளில், எந்தக் கட்டடத்துக்கு எத்தனை வண்டி நிற்க இடம் விடவேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது. அந்த அட்டவணைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள், போடாமல் விட்டவர்கள் யாருக்கும் நம்பர் பிளேட் கிடையாது. அதுதான் வசதி. ஊருக்கு வெளியே பெரிய மைதானமாக ஒன்றைப் பிடித்து வண்டிகளை நிறுத்தி, சீசன் மூன்று மாதமும் அங்கிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு மினி பஸ் விட்டால் பாதிப் பிரச்னை தீரும் என்று டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதெல்லாம் வெறும் எரிச்சல் விஷயம், இதற்கா இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அதற்கும் வண்டி நிறுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, முடிச்சுப் போடவில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு மூன்றாவது வரிசையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. மலையில் பெய்கிற மழை கீழே யாருக்கும் தெரியாது. வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். வந்தால் அத்தனை ஜனமும் ஒரே சாலையில்தான் வெளியேறவேண்டும், அதே சாலையில்தான் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் உள்ளே வரவேண்டும். 'ரெண்டு நிமிஷம்' நிற்கிற வண்டியின் சாவியோ அருவிக்குள் யாருடைய டவுசர் பாக்கெட்டிலோ இருக்கும். அந்த ஒரு இடத்தில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. அருவிக்குப் போகிற கடைசி அரை கிலோமீட்டரில் மறித்து நிற்கிற வண்டியை, அமைச்சருடையதானாலும் சரி, போலீஸ் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகட்டும். சக்கரத்துக்குப் பூட்டுப் போடவும் இழுத்துப்போகவும் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. போட்டோவெல்லாம் வேண்டாம்.

மற்ற இடங்களுக்கு? தென்காசியிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு பாட்டைக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். பொதுவாகக் கல்வெட்டுகளின் கடைசி வரி பயமுறுத்தும். இந்தத் தர்மத்துக்குத் தீங்கு செய்கிறவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்கிற ரகம். நம் 'காற்று பிடுங்கப்படும்' போர்டின் பாட்டன்கள். பாண்டியன் வேறுவிதமாக எழுதினான். இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதாவது குறை வந்து, அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவரை உலகறிய வணங்குகிறேன் என்று பொருள் வருகிற பாட்டு. கோபுரம் பின்னாளில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-ல் மறுபடி எழும்பிக் குடமுழுக்குக் கண்டது. ராஜாவின் கும்பிடு 500 வருஷம் காத்திருந்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டது.

போர்டுகளில் நான் முதல் பரிசு கொடுப்பதும் கிட்டத்தட்ட அந்த ரகத்துக்குத்தான். பெயிண்டால் கையெழுத்தில் எழுதியிருந்தது. நகைக்கடை விளம்பரம் இல்லை, செயப்பாட்டு வினை இல்லை. வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார், செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்குக் கார் வெளியே வரவேண்டும், மற்ற நேரம் நிறுத்திக்கொள்ளுங்கள், என்று மூன்று வரி. நான் பார்த்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை, இரண்டு பக்கமும் ரொம்பிக் கிடந்தது. அந்த கேட்டுக்கு முன்னால் மட்டும் பதினைந்து அடி காலியாக இருந்தது. ஒரு நாய் படுத்திருந்தது.